கண்மாய்க்குள் வந்த தீவு

இருபத்தோராவது நாளும் சீனியம்மாள் தீவை விட்டு இறங்கி வரவில்லை. "வெயில் தாழட்டும், பாப்போம்" என்று லூர்துவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். லூர்து கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர், லாரி டியூப்புகளைக் கட்டிய மிதவையில் தீவுக்கும் கரைக்கும் ஆள் ஏற்றி இறக்குகிறவர், சொன்னதைச் சொன்னபடி ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுவந்து சேர்க்கிறவர், ஆகவே சொல்லும்போது அவள் கொட்டாவி விட்டதையும் சேர்த்தே சொன்னார். கரையில் நின்ற காளிராஜுக்கு, அவளுடைய மூத்த மகனுக்கு, பிளஸ் டூ முடித்து பதினெட்டு வயதும் ஆனவனுக்கு, அந்தக் கொட்டாவியைத்தான் தாங்க முடியவில்லை. அவனுக்கு ஐந்து மணிக்கு ஓசூர் பஸ். பையைக் கட்டியது அப்பா, அதனால் புதுச் சட்டைகளுக்கு நடுவில் ஊறுகாய் பாட்டில் படுத்திருந்தது.

"போயி கூட்டிட்டு வா," என்றார் அப்பா சங்கையா. "வரலன்னா, போயிட்டு வர்றேன்னு ஒழுங்கா சொல்லிட்டு வா. வேற ஒண்ணும் பேசாத."

"கூட்டிட்டும் வரணும், ஒண்ணும் பேசவும் கூடாது. எப்படிப்பா?"

"இந்த வாயத்தான் சொன்னேன்."

செவல்நத்தத்துக்குத் தொழில் காலண்டர். ஊரைச் சுற்றி அச்சாபீஸ், அச்சாபீஸைச் சுற்றிக் கருவேலங்காடு, கடல் கிழக்கே அறுபது கிலோமீட்டர். எந்த ஊர் நகைக்கடையாக இருந்தாலும், எந்த ஊர் ஜவுளிக்கடையாக இருந்தாலும், மே மாதத்துக்குத் தீவுப் படம்தான் கேட்பார்கள், சாய்ந்த தென்னை, வெள்ளை மணல், நீலத் தண்ணீர், ஆள் கிடையாது. அந்தத் தீவை வருஷம் முழுக்க லட்சக்கணக்கில் அடித்து ஊர் ஊருக்கு அனுப்புகிற ஜனம், தான் ஒரு நாள்கூடத் தண்ணீர் ஓரத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை. சங்கையா மெஷினில் நிற்பவர். சீனியம்மாள் பதினெட்டு வருஷமாகக் காலண்டர் தலையில் தகரம் அடிப்பவள், டின் அடிக்கிறது என்பார்கள், தகரம் விரலைக் கிழிக்கும், விரலில் துணி சுற்றிக்கொண்டு அடிப்பார்கள். அவள் அடுப்படிச் சுவரில் ஒரு மே மாதம் ஒட்டியிருந்தாள். அது கழித்துப்போட்ட ஷீட். நீலம் விலகி, கடலில் விழ வேண்டிய நிறம் ஒரு சாண் அகலத்துக்கு மணல்மேல் விழுந்திருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாத நடுவில், அச்சாபீஸ் நாலு நாள் மூடும். அந்த நாலு நாளுக்கு எங்கே போவது என்று அந்த வீட்டில் ஏப்ரல் முழுக்கப் பேச்சு நடக்கும்.

"அந்தமானுக்கு ஏரோப்ளேன்ல போகணும்," என்பார் சங்கையா. "லட்சத்தீவுக்குப் பெர்மிட் வாங்கணும். ராமேஸ்வரமும் தீவுதான், ஆனா அங்க போனா இருபத்திரண்டு தீர்த்தமும் குளிக்கணும். அதுக்கு மெஷின்லயே நின்னுக்கலாம்."

"ரொம்ப தூரம் வேண்டாம்," என்பாள் சீனியம்மாள். "பக்கத்துல இருந்தா போதும். சுத்தித் தண்ணி, நடுவுல ஒரு மரம். அந்த மரத்தடில நான் படுத்திருந்தா ஏன் படுத்திருக்கன்னு யாரும் கேக்கக்கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. ஒரு வருஷம் சங்கையாவின் தங்கைக்கு வளைகாப்பு, ஒரு வருஷம் காளிராஜுக்கு அம்மை, மற்ற வருஷங்களில் குற்றாலம். மே மாதத்தில் குற்றாலத்தில் தண்ணீர் விழாது, காய்ந்த பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அல்வா தின்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் வந்துவிடுவார்கள். மறுநாள் அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷம் தீவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் காளிராஜிடம் கொடுத்தார்கள், படிப்பை முடித்தவன், போன் வைத்திருப்பவன் என்று. அவன் பத்து நிமிஷம் பார்த்தான். பத்து நிமிஷத்துக்கு மேல் எதையும் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, படம் வரும்போதெல்லாம் "இது பக்கமா? இது நம்ம பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத் தீவும் ஒண்ணுதாம்மா," என்றான். "மணல், மரம், தண்ணி. உனக்கு அவ்வளவு பக்கத்துல வேணும்னா நம்ம கண்மாய்க்குள்ள வரச்சொல்லு."

உள்ளதைத்தான் சொன்னோம் என்று அவன் நினைத்தான். எப்போதுமே அப்படித்தான் நினைப்பான். சீனியம்மாள் "சரி, சொல்லிப் பாக்குறேன்" என்று எழுந்து, பசை வாளியைக் கழுவக் கண்மாய்க்குப் போனாள், கழுவிக்கொண்டு வந்தாள், இட்லிக்கு ஊறப்போட்டாள்.

மறுநாள் காலையில் தீவு கண்மாய்க்குள் நின்றது.

மே மாதத்தில் அந்தக் கண்மாயில் எருமை முதுகு நனையவும் தண்ணீர் இருக்காது. தீவு தன் தண்ணீரையும் தானே கொண்டுவந்திருந்தது. கரை தொட்டு நீலமாக அலையடித்தது, நடுவில் பதினொரு தென்னை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை, கீழே வெள்ளை மணல், மணலின் கிழக்கு ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நீலம். கரையில் கூடிய கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தவர் சங்கையாதான்.

"கலர் விலகியிருக்கு," என்றார்.

மெஷினில் நிற்கிற எல்லோரும் ஆமாம் என்றார்கள். அடித்துக் கழித்துப்போட்ட ஷீட்டு, அதனால்தான் நம்ம ஊருக்கு வந்திருக்கிறது, நல்லதாக இருந்தால் வெளியூருக்கு அனுப்பியிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள், அதோடு அது எப்படி வந்தது என்ற பேச்சு முடிந்துபோனது, ஏனென்றால் வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பேச்சாக இருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் வந்து டேப் பிடித்து அளந்தார். தீவுக்குச் சர்வே நம்பர் இல்லை, ஆகவே 'கண்மாய் உள்வாய், மேடான பகுதி' என்று எழுதிக்கொண்டு, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். லூர்து தன் கெண்டை மீனெல்லாம் உப்பில் செத்து மிதக்கிறது என்று இரண்டு நாள் சத்தம் போட்டார், மூன்றாம் நாள் வலையில் நண்டு வந்தது, சத்தத்தை நிறுத்திவிட்டு டியூப்புகளுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். வார்டு மெம்பர் ஞானசிகாமணி மைக் கட்டி, நமது வார்டுக்கு வந்திருக்கும் தீவு என்று பேச, பக்கத்து வார்டு மெம்பர் தென்னையின் நிழல் சாயங்காலத்தில் எங்கள் வார்டில்தான் விழுகிறது என்று மனுக் கொடுத்தார். கடைசியில் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள்.

முறை வந்த தெரு காலையிலேயே தூக்குவாளி, பாய், குழந்தை எல்லாவற்றோடும் மிதவையில் ஏறும். ஏறி இறங்கி மணலில் உட்காரும். உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள், பார்த்தாயிற்று. பிறகு ஒரு பெண் இடுப்பிலிருந்து டைரியில் பக்க அடையாளத்துக்குத் தொங்கவிடும் நூல் கண்டை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி மடிக்க வேண்டிய ஷீட்டுக் கட்டைப் பிரித்தாள், மத்தியானத்துக்குள் பதினொரு தென்னைக்கடியிலும் வரிசை வரிசையாக உட்கார்ந்து மடித்துக்கொண்டும் எண்ணிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். அச்சாபீஸ் திறந்த பிறகும் அது நடந்தது. காற்றில் ஷீட் பறக்கிறது, அது ஒன்றுதான் குறை என்றார்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது எல்லோரும் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்வதுபோல, "அப்ப போயிட்டு வர்றோம்" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மிதவையில் ஏறினார்கள். யாரும் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிற்று.

நாலாம் நாள் வங்கி மானேஜர் குடும்பத்தோடு வந்தார். வெளியூர்க்காரர், அவருக்கு மாற்றல் ஆர்டர் வந்திருந்தது. மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தவர், நல்ல இடம், இனிமே எங்க வரப்போறோம் என்று சொல்லி, "சரி, போறேன்" என்று தண்ணீரில் காலை வைத்தார். தீவு கிழக்கே இருபது அடி நகர்ந்து நின்றது. ஒரு குழந்தை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது, வேறு சேதம் இல்லை. மறுநாள் பரீட்சித்துப் பார்க்கவென்று ஞானசிகாமணியே போய், வர்றேன் என்பதை விழுங்கிவிட்டு "போறேன்" என்றார். அது நகரவில்லை. அவர் நாளைக்கும் வருவார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. வராதவன் சொன்னால்தான் அது எடுத்துக்கொண்டது. மெம்பர் படித்துறையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார், தன் படத்தோடு: 'தீவிலிருந்து இறங்குவோர் போயிட்டு வர்றேன் என்று மனசாரச் சொல்லவும்.'

ஐந்தாம் நாள் அச்சாபீஸ் தெருவின் முறை. எல்லோரும் மடித்தார்கள். சீனியம்மாள் மட்டும் பாயை விரித்து, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தலைமாட்டில் வைத்து, சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். சாயங்காலம் எழுப்பினார்கள்.

"நான் லீவு," என்றாள் தலைப்புக்குள்ளிருந்து.

அவள் படுத்த மூன்றாம் நாள், விஷயம் கேள்விப்பட்டு அச்சாபீஸ் சூப்பர்வைசர் மிதவையில் வந்தார். "எத்தன நாளும்மா லீவு?"

"இதுவரைக்கும் எடுக்காததெல்லாம்."

அவர் மணலில் நின்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தார், போயிட்டு வர்றேன்மா என்று மட்டும் மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஊர் அவளையும் ஏற்றுக்கொண்டது. தீவுக்குப் போகிற தெரு அவளுக்கு ஒரு கை சோறு சேர்த்துக் கொண்டுபோனது, அவள் பாயைச் சுற்றி வழி விட்டு உட்கார்ந்து மடித்தது. மகள் முத்துமாரிக்குப் பதினோரு வயது, தினமும் காலையில் மிதவையில் போய் அம்மாவிடம் சடை பின்னிக்கொண்டு, "போயிட்டு வர்றேம்மா" என்று துள்ளிக்கொண்டு வந்துவிடுவாள், அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அம்மா இடம் மாறியிருக்கிறாள், அவ்வளவுதான். சங்கையா ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். காளிராஜ் மட்டும் ஒரு நாளும் போகவில்லை.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. டீக்கடையில், "ஏம்ப்பா, ஒங்கம்மா டூர்ல இருக்காங்களாமே, போட்டோ கீட்டோ அனுப்புனாங்களா?" என்று கேட்டார்கள். கூடப் படித்தவன் ஒருத்தன், "நாங்க எங்க அம்மாவ அடுத்த வருஷம் விடலாம்னு இருக்கோம்" என்றான். காளிராஜுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது, முதல் தடவையாக ஊரை விட்டுப் போகப்போகிறான், எந்தச் சட்டையை எடுத்துவைப்பது, பொடி இடிப்பது, வாசலில் நின்று திருநீறு பூசிவிடுவது இதெல்லாம் ஒரு அம்மா செய்ய வேண்டியவை, அவளோ மரத்தடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளதைச் சொன்னால், அவன் அவளுக்குக் கோபம் தெரியட்டும் என்றுதான் போகவில்லை. அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. "காளி எப்ப வருவான்?" என்று மட்டும் லூர்துவிடம் தினமும் கேட்டிருக்கிறாள், லூர்து தினமும் அதை ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

இப்போது மணி மூன்றரை. மிதவையில் ஏறினான். அன்றைக்கு எந்தத் தெருவின் முறையும் இல்லை.

"ஏலே," என்றார் லூர்து துடுப்பைப் போட்டபடி, "கடக்கரையில பொறந்தவன் சொல்றேன். தண்ணியில நின்னுக்கிட்டு வாய விடாத."

"உண்மையச் சொன்னா எல்லாரும் வாய விடாதன்னுதான் சொல்றீங்க."

"நீ உண்மைய எறியிறலே. கல்லு மாதிரி."

சீனியம்மாள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது, மகனைக் கண்டதும் அள்ளி முடிந்தாள், பிறகு எதற்கு என்று நினைத்தவள்போல மறுபடி அவிழ்த்துவிட்டாள். கால் குதியிலும் சேலை ஓரத்திலும் நீலம் ஒட்டியிருந்தது. அவள் விரல்களைப் பார்த்தான். துணி இல்லை. தகரக் கீறல் ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் ஆறியிருந்தது. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் விரல் என்றால் துணி சுற்றியதுதான், அந்தத் துணியோடுதான் அவனுக்கு ஊட்டியிருக்கிறாள், எல்லா அம்மாக்களின் விரலும் அப்படித்தான் இருக்கும் என்று ஒன்றாம் வகுப்பு வரை நினைத்திருக்கிறான். அதைச் சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது வேறு.

"வீட்ல சோறு யார் ஆக்குறதாம்?"

"அப்பா ஆக்குறாராமே, மாரி சொன்னா. குழம்பு வச்சாராமே."

"அது குழம்பு இல்ல."

அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். "செருப்பக் கழட்டிட்டு வா. ஒரு அஞ்சு நிமிஷம் இப்படிப் படு. மேல பாரு, ஓலைக்கு நடுவுல வானம் துண்டு துண்டாத் தெரியும்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அஞ்சு மணிக்குத்தான."

அவன் செருப்பைக் கழட்டவில்லை. நின்றபடியே ஃபோனில் மணி பார்த்தான். அவள் பாயில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டிருந்தாள், அந்த இடம் சும்மா கிடந்தது.

"ஓசூர்ல என்ன வேலைடா?"

"காருக்கு பார்ட்ஸ் செய்ற இடம்."

"கையப் பாத்து வேலை செய்யி. லீவு உண்டா?"

"தீபாவளிக்கு உண்டு."

"வருவேல்ல?"

சும்மா ஆமாம் என்றிருக்கலாம். எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். "வரமாட்டேன்னு நெனைக்கிறேன்," என்றான் காளிராஜ். "இங்க என்னம்மா இருக்கு? வந்தா அப்பா மெஷின்ல நில்லும்பாரு. நீயும் இங்க வந்து படுத்துக்கிட்ட. போனா போனதுதான்."

சீனியம்மாள் மணலை அள்ளி விரல் இடுக்கு வழியாக விட்டாள், ஆறின விரல்கள், மணல் பட்டும் எரியவில்லை. ரொம்ப நேரம் விட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள். "வராட்டியும் போ. ஆனா போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. நீ சொன்னேன்னா நாளைக்குக் காலையில மாரி கூடயே நானும் எறங்கிர்றேன். போதும், நல்லாப் படுத்துட்டேன். நீ திரும்பி வருவேன்னா, வர்ற வீட்ல நான் இருக்கணும்ல."

"வரமாட்டேன்னு சொல்றேன், வர்றேன்னு சொல்லுங்கிற. பொய் சொல்லச் சொல்றியா?"

"அது பொய் இல்லடா. சும்மா சொல்றது."

"சும்மா சொல்றதுக்குப் பேருதான் பொய்யி. பொய் சொன்னான்னு நாலாப்புல எனக்குச் சூடு வைக்க வந்தது நீதான்."

"அது வேற," என்றாள் அவள். எப்படி வேறு என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? அந்த ஊரில் பிறந்து சாகிற வரைக்கும் ஆயிரம் தடவை சொல்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் சொல்கிறார், ராணுவத்துக்குப் போகிறவன் சொல்கிறான், திரும்பாதவர்களும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், அவர்களை யாரும் பொய்யன் என்று சொன்னதில்லை.

லூர்து தண்ணீரில் நின்றபடி கையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல.

"போறேம்மா," என்றான் காளிராஜ்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து மிதவையில் ஏறி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. பாதி தூரம் வந்தார்கள், அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை, பார்த்தீர்களா என்பதுபோல லூர்துவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. அவர் பார்த்த பக்கம் திரும்பினான். பதினொரு தென்னையும் நிமிர்ந்திருந்தன. வந்த நாளிலிருந்து ஒரே பக்கம் சாய்ந்து நின்றவை, பஸ் வந்ததும் எழுந்து நிற்கிற ஜனம்போல நேராக நின்றன, தீவு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று போகவில்லை. மாட்டுவண்டி போகிற வேகம்.

பிறகு நடந்ததையெல்லாம் இப்போதே சொல்லி முடித்துவிடலாம், கடைசியில் சொல்ல வேறொன்று இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலிங்குவழியாகத் தீவு வெளியேறியது, கல் ஒன்றுகூட உடையவில்லை. பருத்திக்காட்டுக்குள் இறங்கி, கரிசலைப் படகுபோல் கிழித்துக்கொண்டு, தன் தண்ணீரைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு கடல் பக்கமாகப் போய்விட்டது. அது போன தடத்தில் இன்றைக்கும் பருத்தி முளைப்பதில்லை, கடற்கரையில் முளைக்கிற உமரிச்செடிதான் முளைக்கிறது, ஆடு தின்னும், அதனால் யாரும் குறை சொல்வதில்லை. அலுவலர் 'மேடான பகுதி' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். ஃப்ளெக்ஸை லூர்து கழற்றிக்கொண்டுபோய் வலை காயப்போட விரித்துக்கொண்டார். முத்துமாரி தானே சடை பின்னப் பழகினாள், கோணலாக வரும். சங்கையா மே மாத ஷீட் ஓடும்போதெல்லாம் முதல் பத்தை நீலம் விலகவிட்டு ஓட்டுகிறார், ஒரு ஷீட் வீணாக்காத மனுஷன், அந்தப் பத்தையும் சுருட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போய் வெடித்த சேற்றைப் பார்த்து, பக்கத்துலயே இருந்தா போதும், வா என்று கூப்பிடுகிறார். இதுவரை வரவில்லை.

காளிராஜ் தீபாவளிக்கு வந்தான். பொங்கலுக்கு வந்தான். வரமாட்டேன் என்றவன் ஒரு லீவு விடாமல் வருகிறான். வந்து கண்மாய்க்கரையில் செருப்பைக் கழட்டிவிட்டு நிற்கிறான். ஓசூரில் காலையில் ரூமைப் பூட்டும்போது, உள்ளே ஆள் கிடையாது, கட்டிலும் வாளியும்தான், அந்தக் கட்டிலுக்கும் வாளிக்கும் போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டுகிறான். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சாயங்காலத்தில் நேரம் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தது. கலிங்குக்குப் போய்ச் சேர அந்தத் தீவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. லூர்து மிதவையைத் திருப்பித் துரத்திப் பார்த்தார், தண்ணீர் தீவோடு போய்க்கொண்டிருந்தது, மிதவை சேற்றில் உட்கார்ந்துவிட்டது, அவனும் அவரும் முழங்கால் சேற்றில் நடந்து கரையேறினார்கள். அதற்குள் ஷிப்டு விட்டு ஊரே கரையில் நின்றது. சீனியம்மாள் தீவின் ஓரத்துக்கு வந்து, நீல மணலில் நின்று, இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள்.

"காளி, இப்பவாவது சொல்லுடா. கேக்கும் எனக்கு."

கேட்டது. அவள் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது, அவன் குரலும் அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

"சொல்லுப்பா," என்றார் சங்கையா. திட்டவில்லை. அவர் அவனைக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

"சொல்லுண்ணே, ஈசிண்ணே, நான் டெய்லி சொல்றேன்ல," என்றாள் முத்துமாரி, அவன் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே.

டீக்கடையில் கேலி பேசினவர்களும் சொல்லச் சொன்னார்கள். அம்மாவை அடுத்த வருஷம் விடலாம் என்றிருந்தவனும், டேய் சொல்லித் தொலடா என்று அழுதான். மெம்பர் ஓடிப்போய் மைக்கையே எடுத்துவந்து அவன் வாய்க்கு நேராக நீட்டினார். ஐந்து மணி பஸ் கரைமேல் வந்து நின்றது, உள்ளே இருந்த வெளியூர் ஜனம் ஜன்னலில் தலையை நீட்டி, என்ன ஏதென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களும் சொல்லு தம்பி, சொல்லு தம்பி என்றார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சொல்லிட்டே ஏறுப்பா. எவ்வளவு நேரமானாலும் வண்டி நிக்கும்."

காளிராஜுக்கு அந்த நிமிஷத்தில் ஒன்று நடந்தது. அதுவரை அந்த வார்த்தை பொய்யாக இருந்தது. தீவு கலிங்கைத் தொட்டபோது, அம்மா அவ்வளவு சின்னதாகத் தெரிந்தபோது, அது உண்மையாகிவிட்டது. அவனுக்குத் திரும்பி வர வேண்டும், தீபாவளிக்கு இல்லை, அடுத்த வாரமே, அந்தப் பாயில் அவள் விட்டுவைத்திருந்த இடத்தில் செருப்பைக் கழட்டிவிட்டுப் படுக்க வேண்டும், ஓலைக்கு நடுவில் துண்டு துண்டாக வானத்தைப் பார்க்க வேண்டும். இனிமேல் சொன்னால் அது சத்தியமான வார்த்தை. ஆனால் இப்போது சொன்னால், மரத்தடியில் நின்று அவன் பேசியது அத்தனையும் தப்பு என்று ஊர் முன்னால், பஸ் முன்னால், மைக்கில் சொன்ன மாதிரி ஆகும். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் அழுகை வரும் என்றும் தெரிந்தது. உண்மையை எங்கேயும் எறிகிறவன், கையில் வந்த ஒரே ஒரு நல்ல உண்மையை எறியாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"காளி," என்று மறுபடி கேட்டது, கலிங்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "போயிட்டு வர்றேன்னு சொல்லு சாமி."

மைக் அவன் மூச்சை மட்டும் ஊருக்கெல்லாம் கேட்க வைத்தது. அவன் சொல்லவில்லை.